மேலே சொன்னதையே கீழேயும் சொன்ன நிலையம்

நம் பக்கத்தில் ஆற்று நீரை எங்கெங்கே அளக்கிறோம் என்று யாராவது கேட்டால் நீங்கள் வரைபடத்தை விரிப்பீர்கள். நான் டீக்கடைகளை வரிசையாகச் சொல்லுவேன். ஜீப் போகிற சாலை, சாலையில் ஒரு பாலம், பக்கத்தில் மர நிழல், எதிரே நல்ல டீ. இவையெல்லாம் எங்கே சேர்ந்து அமைந்ததோ அங்கேதான் நமக்கு முன்னால் இருந்தவர்கள் பாலத்துக் காலில் அளவுகோல் வரைந்து, ஆள் போட்டு, நீர் அளவு நிலையம் என்று பெயர் வைத்துவிட்டு வந்தார்கள். ஆறு தன் முரட்டுக் குணத்தை வேறெங்கோ காட்டிக்கொண்டிருக்கும். நாம் வடை தின்றுகொண்டே அதை அளந்துகொண்டிருப்போம்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் ஒருநாள் உங்களில் ஒருவர் மேசையில், எந்த நிலையத்தை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்ற கேள்வி வந்து விழும். அதை எப்படி எதிர்கொள்வது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. எனக்கும் தெரியாது. பவித்ரா என்ற பெண் எதிர்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு எங்கள் பிரிவுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. செலவுக்கேற்ற பலன் தராத நிலையங்களைக் கண்டுபிடித்து மூட வேண்டும். எங்கள் தலைமைப் பொறியாளர் அதைப் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார். நான் பவித்ராவிடம் தள்ளினேன். நம் அலுவலகத்தில் வேலை எப்போதும் பள்ளத்தை நோக்கித்தான் பாயும்.

பவித்ரா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். புதுச்சேரி டவுனில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். ஆறு என்றால் கடலூர் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே தெரிகிற மணல் என்ற அளவில்தான் அவளுக்குப் பழக்கம். ஆனால் மூளை கத்தி மாதிரி. பேச்சு அதைவிட வேகம். அவள் பேசினால் பாதி வாக்கியத்தில் நான் இருப்பேன், அவள் அடுத்த பத்திக்குப் போயிருப்பாள்.

அவள் கையாண்ட முறை நேர்த்தியானது. ஒரு நிலையம் சொல்வதை மற்ற நிலையங்களை வைத்தே ஊகித்துவிட முடியுமானால், அந்த நிலையம் தேவையில்லை. எந்த நிலையம் மற்ற எதுவும் சொல்லாததைச் சொல்கிறதோ, அதற்கு அதிக மதிப்பெண். அதை அந்த நிலையத்துக்கு ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் யார் முதல், யார் கடைசி என்று தெரிந்துவிடும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

முதலிடம் பெற்றது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பெண்ணையாற்றுப் பாலத்தடி நிலையம். தை மாதத்தில் மற்ற ஆறுகளெல்லாம் வற்றி இறங்கும்போது இது மட்டும் சட்டென்று ஏறிக் காட்டியது. ஒவ்வொரு வருஷமும் காட்டியது. வேறு எந்த நிலையத்தை வைத்தும் இதை ஊகிக்க முடியவில்லை. கடைசி இடம் மலட்டாற்றின் கீழ் நிலையத்துக்கு. மலட்டாற்றில் நமக்கு இரண்டு நிலையங்கள். நெட்டப்பாக்கம் பக்கம் மேல் நிலையம். அதற்குக் கீழே, ஒரு ஏரியின் உபரிநீர் வாய்க்கால் ஆற்றில் வந்து சேரும் இடத்தைத் தாண்டி, கீழ் நிலையம். மேலே என்ன சொல்கிறார்களோ அதையேதான் கீழேயும் சொல்வார்கள். வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற மாணவன் மாதிரி. அதை மூடலாம் என்று பவித்ரா எழுதினாள். தலைமைப் பொறியாளர் படித்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கம்மா, அடுத்த வாரம் மீட்டிங்ல நீயே பேசு" என்றார். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த அடுத்த வாரத்துக்கு நடுவில் ஆற்றுத் திருவிழா வந்தது.

தை ஐந்தாம் நாள். ஊர் ஊராகச் சாமிகளெல்லாம் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அன்று ஆற்றில்தான் இருப்பார்கள். நானும் வில்லியனூரிலிருந்து வருஷா வருஷம் போவேன். சாமியைப் பார்க்கவா, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கவா என்று என்னைக் கேட்காதீர்கள். பவித்ரா ஆற்றுத் திருவிழாவே பார்த்ததில்லை என்று சொன்னதும், "நீயெல்லாம் ஆத்துக்கு மார்க் போடற ஆளு" என்று திட்டி அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

பாலத்தின் மேல் நடக்க இடமில்லை. கீழே மணலில் கரும்பும் பலூனும் பஜ்ஜியும். ஒரு ஊர்ச் சாமி ஆற்றில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் மேளத்தோடு முழுகியது. நாங்கள் அவித்த கிழங்கை உரித்துக்கொண்டு நின்றோம்.

பக்கத்தில் தோளில் துண்டோடு ஒருவர் நின்றிருந்தார். விழாக் கமிட்டியைச் சேர்ந்தவர். என்னைப் பார்த்ததும், "வாங்க எஞ்சினியரம்மா, தண்ணி எப்டி?" என்றார், ஏதோ தன் வீட்டுத் தொட்டியைக் காட்டுவது போல.

"நல்லா நிக்குதே" என்றேன்.

"நிக்காம? போன வாரமே ஜேசிபி வுட்டு மணல அணை கட்டிட்டோம். அதோ பாருங்க. வருஷா வருஷம் கட்றதுதான். இல்லன்னா தண்ணி கெணுக்கால்கூட இருக்காது. சாமி முங்க வாணாமா?"

அவர் காட்டிய இடத்தில், பாலத்துக்குச் சற்றுக் கீழே, ஆற்றுக்குக் குறுக்கே மணலால் ஒரு கரை. அதன் முதுகில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பாலத்துக் காலில் நம் அளவுகோல், பாதி முழுகி நின்றது. அளவுகோலில் யாரோ ஊர்ப் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் வேறு வைத்திருந்தார்கள்.

பவித்ரா கிழங்கு உரிப்பதை நிறுத்தினாள். கிழங்கைக் கையில் வைத்தபடியே அளவுகோலைப் பார்த்தாள், அணையைப் பார்த்தாள், மறுபடி அளவுகோலைப் பார்த்தாள். அளவு பார்ப்பவர் பொய் எழுதவில்லை. நின்ற தண்ணீரின் உயரத்தை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். நாம்தான் அந்த உயரத்தை அட்டவணையில் வைத்து, ஆற்றில் இவ்வளவு நீர் ஓடுகிறது என்று மாற்றிக்கொண்டோம். சாமி முழுகுவதற்காகத் தேக்கிய தண்ணீரை ஓடுகிற வெள்ளம் என்று கணினி எடுத்துக்கொண்டு, இந்த மாதிரி நிலையம் உண்டா என்று மெச்சி முதல் பரிசு கொடுத்துவிட்டது.

வருஷா வருஷம் வந்தும் அந்த அணையை அளவுகோலோடு சேர்த்து யோசிக்காத எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லடி. தை மாசத்த எடுத்துட்டு மறுபடி கணக்குப் போடு. ஒரு பக்கம் மாத்தினா போதும்" என்றேன். பாசத்தில் சொன்ன யோசனை. முதல் அறிக்கை, முதல் பாராட்டு, அது கலைய வேண்டாமே என்று எனக்கு இருந்தது.

அவள் கிழங்கைப் பொட்டலத்தில் போட்டாள். பிறகு கேட்டாள்: "மேடம், ஃபர்ஸ்ட் மார்க் வாங்குனதே பொய்னா, ஃபெயிலானது நெஜமாவே ஃபெயிலான்னு யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. அதுதான் பதில். மலட்டாற்றுக் கீழ் நிலையத்துக்கு ஜீப் போகாது. பக்கத்தில் டீக்கடையும் கிடையாது.

மறுநாள் அவள் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து போனோம். அபிஷேகப்பாக்கம் வயல்களைத் தாண்டி, பனித்திட்டுப் பக்கம் போகிற வழியில், ஆற்றை ஒட்டினாற்போல் ஒரு தெரு இருக்கிறது. கீழ் நிலையத்துக்குக் கீழே முதலில் வருவது அந்தத் தெருதான். தெருவே பள்ளம். அங்கே ஒரு வீட்டு வாசலில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரி பெயர் ஆரோக்கியமேரி. அவள் பெற்றோர் நாற்று நட்டவர்கள். இவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள், தெருவில் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு. வீட்டுக்குள் போனால் கால் வைக்க இடமில்லை, எல்லாம் வெட்டிய துணி.

நாங்கள் இன்னார் என்று சொன்னதும் அவள் மெஷினை நிறுத்தினாள். "செல்வத்த மாத்தப் போறீங்களா?" என்று கேட்டாள். செல்வம் கீழ் நிலையத்தில் அளவு பார்ப்பவர்.

"ஏன்மா, அவர உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நல்லா கேட்டீங்க. மழக்காலத்துல எங்க தெருவே அவரு போன்லதான் இருக்குது. ஆறு மட்டும் வந்தா கரையோட போயிடும் மேடம், ஒண்ணும் பண்ணாது. ஏரி வழிஞ்சு அதுவும் கூடச் சேந்துச்சுன்னாதான் வூட்டுக்குள்ள பூந்துடும். ஒருவாட்டி அப்டிதான் வந்து மெஷினெல்லாம் சேத்துல போச்சு. அதுக்கப்பறம், ஏரித்தண்ணி சேந்தா செல்வம் ஒடனே போன் அடிப்பாரு. நாங்க புள்ளைங்க, ஆடு, மெஷின் எல்லாத்தையும் தூக்கினு பள்ளிக்கூடத்து மாடிக்குப் போயிடுவோம்."

"ஏரி எப்பெப்போ வழியும்?" பவித்ரா கேட்டாள்.

"எப்பவாச்சும்தான். நம்ம ஏரி ரொம்பறதே அதிசயம் ஆச்சே."

திரும்பி வரும் வழியெல்லாம் பவித்ரா வண்டியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண்ணை ஆண்டவன் நன்றாக வைக்க வேண்டும், முதலில் என்னை வீட்டில் சேர்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கூட்டத்தில் எங்கள் பிரிவு முழுவதும் உட்கார்ந்திருந்தது. அறிக்கையின் சுருக்கம் ஏற்கெனவே மேலே போயிருந்தது. பவித்ரா எழுந்து, "சார், இந்த ரிப்போர்ட் தப்பு. நான் எழுதினது, நானே வாபஸ் வாங்கறேன்" என்றாள். மணல் அணையைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். பெண்ணையாற்றுப் பாலத்தடி நிலையத்தை மூடிவிட்டு, கீழ் நிலையத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை.

தலைமைப் பொறியாளர் மோசமானவர் அல்ல. கேள்வி கேட்பதில் மட்டும் இரக்கம் கிடையாது. "இத்தன வருஷமா அது மேல சொன்னதயேதான் சொல்லிகினு இருக்குது. என்னிக்கோ ஒரு நாள் ஏரி வழியும்ங்கறதுக்காக வருஷம் பூரா ஒரு ஆளா? மேலிடத்துல கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்?"

அவள் தன் தாள்களைப் புரட்டினாள். நான் இடையில் புகுந்தேன். வில்லியனூரில் என் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். "சார், எங்க கடையில பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கற மருந்துச் சாமான் மாசக்கணக்கா அப்படியே கெடக்கும். ஓடாத சரக்குன்னு அப்பா அத எடுத்துட்டதில்ல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "சரி. வர்ற மழைக்காலம் ஒண்ணு குடுக்கறேன். அதுக்குள்ள அந்த ஸ்டேஷன் மேல சொல்லாத ஒண்ணச் சொல்லட்டும், வெச்சுக்கலாம். இல்லன்னா மூடிடுவோம்."

நியாயமான பேச்சாகத்தான் எங்களுக்குப் பட்டது. அதில் என்ன சிக்கல் இருக்கிறது என்று ஐப்பசி பிறந்த பிறகுதான் புரிந்தது.

மழை நன்றாகவே பெய்தது. மேல் நிலையத்தில் பல முறை நீர் ஏறியது. ஒவ்வொரு முறையும் ஆற்றோரத்துக்காரர்கள் தயாராக இருக்கச் சொல்லி கொம்யூனிலிருந்து வண்டி மைக்கில் சொல்லிக்கொண்டு போகும். பவித்ரா உடனே ஆரோக்கியமேரிக்குப் போன் செய்வாள். "செல்வத்துகிட்ட கேட்டுட்டேன் மேடம். மேல எவ்ளோவோ அவ்ளோதான் கீழயாம். ஏரித்தண்ணி சேரல" என்பாள் அவள். பவித்ராவின் முகம் தொங்கிப்போகும். ஏரி மெல்ல மெல்ல நிரம்பியது, உபரிநீர் வழிகிற கலிங்கல் சுவருக்குச் சற்றுக் கீழே வந்து அப்படியே நின்றுகொண்டது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஒரே ஒரு நல்ல மழை வந்தா போதும் மேடம், வழிஞ்சிடும்" என்றாள், ஏக்கத்தோடு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இன்னா வேண்டிக்கறன்னு தெரியுதா? அந்த ஆரோக்கியமேரி வூட்டுக்குள்ள தண்ணி பூரணும்னு வேண்டிக்கற."

அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எழுந்து வெளியே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவளைத் திட்டியதற்காக நான் வருத்தப்படவில்லை. அவளை அந்த இடத்தில் கொண்டு நிறுத்தியதற்காக வருத்தப்பட்டேன். பிள்ளைகளே, வெள்ளத்தைப் பற்றிச் சொல்வது நம் தொழில். நாம் சரி என்று நிரூபிக்க வெள்ளம் வர வேண்டும் என்று மனம் ஒரு மூலையில் கேட்கும். கேட்டால் அதை அதட்டி உட்கார வையுங்கள். என்னைவிட அன்பாக அதட்டத் தெரிந்தால் இன்னும் நல்லது.

மார்கழி பிறந்தது. மழை விட்டது. ஏரி வழியவே இல்லை.

பொங்கலுக்கு முன்னால் மறுபடி கூட்டம். பவித்ரா வெறுங்கையோடு போனாள். "பேசிச்சாம்மா உன் ஸ்டேஷன்?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டார்.

"இல்ல சார். மேல சொன்னதயேதான் சொல்லிச்சு. ஒரு நாள்கூட மாறல." அவள் ஒரு மூச்சு விட்டாள். "இருந்தாலும் மூடக் கூடாது சார். ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

பொய்யாக ஒரு எண்ணைத் திருத்தி, நம் பக்கம் சாய்த்திருக்கலாம். மேலும் கீழும் ஒரு துளி வித்தியாசம் காட்டியிருந்தால் போதும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் அதைச் செய்யவில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் இருந்த பெருமையை எந்தப் பணிப் பதிவேட்டிலும் எழுத முடியாது.

தலைமைப் பொறியாளர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு, "அந்தத் தெருவுல ஒரு அம்மா சொன்னியே, அவங்களுக்குப் போன் போடு. நானே கேக்கறேன்" என்றார். பவித்ரா போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசை நடுவில் வைத்தாள். மணி அடித்து எடுத்ததும், முதலில் வந்தது தையல் மெஷின் சத்தம்.

"இன்னா மேடம், சொல்லுங்க."

"நான் அவங்க ஆபீசர் பேசறேன்மா. இந்த வருஷம் ஏரியும் வழியல, தண்ணியும் வரல. ஒண்ணுமே நடக்கலயே. அப்பறம் அந்த ஸ்டேஷன் எதுக்கு, சொல்லு பார்ப்போம்."

மெஷின் நின்றது.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? மழ பேயச்சொல்ல எத்தினி வாட்டி மைக்குல சொல்லினு போனாங்க, மேல தண்ணி வருது வருதுன்னு. ஒவ்வொரு வாட்டியும் புள்ளைங்களையும் ஆட்டையும் மெஷினையும் தூக்கினு நாங்க ஓடியிருக்கணும். ஓடலயே. அவங்கவங்க வூட்ல படுத்துத் தூங்கினோம். நான் பொங்கலுக்குத் துணி தச்சினு இருந்தேன். ஒண்ணும் நடக்காதுன்னு எங்களுக்கு யாரு சார் சொன்னது?"

பவித்ரா இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"வேலையப் பாரும்மா" என்றார் தலைமைப் பொறியாளர், ரொம்ப மெதுவாக. போனை வைப்பதற்குள் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.